நீங்க சொல்லுங்கம்மா

போன குளிர்காலத்தில் அவர் இறந்தபோது இரண்டு இதழ்களில் அஞ்சலி வந்தது. ஒன்று எங்கள் சபைப் பத்திரிகை. நல்ல மேய்ப்பர், பிஷப்பாக இருந்து இடிந்து கிடந்த பள்ளிக்கூடங்களை எடுத்துக் கட்டியவர், ஜெபத்தில் உறுதியானவர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பூனை என்ற சொல்லே அதில் இல்லை. இன்னொன்று காட்டுயிர்க்காரர்கள் நடத்துகிற ஆங்கில இதழ். வங்காளத்துச் சதுப்பு நிலங்களின் காவலர், மீன்பிடிப் பூனைக்காகக் கடைசிவரை அலைந்தவர் என்று அதில் இருந்தது. கோவில் என்ற சொல் அதில் இல்லை. இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். செத்தது ஒரு ஆளா இரண்டு ஆளா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. அதைவிட எரிச்சல், இரண்டிலுமே அண்ணாச்சியின் சேவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தச் சேவலைச் சொல்லாமல் அந்த மனிதரைச் சொல்ல முடியாது.

கல்கத்தாவில் துறைமுகக் குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் கோவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலிகன் கோவில். காலையில் வங்காளி ஆராதனை, சாயங்காலம் தமிழ் ஆராதனை. தமிழ் ஆட்கள் என்றால் பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் பாங்குக்கும் வேலைக்கு வந்து அப்படியே தங்கிப்போனவர்கள். என் அப்பா அப்படி வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே பாங்கு வேலை பார்த்து, இங்கேயே ஓய்வு பெற்றவள். ஊர் வழக்கப்படி குருவானவரை நாங்கள் ஐயர் என்று கூப்பிடுவோம். வங்காளிகளுக்கு அவர் ஃபாதர். வன இலாகாக்காரர்களுக்கு சார். பிஷப் ஆன பிறகும் எனக்கு ஐயர்தான். அவரும் அதை மாற்றச் சொன்னதில்லை. எதையுமே யாரையும் அவர் மாற்றச் சொன்னதில்லை. சங்கதியே அதுதான்.

அவர் எங்கள் சபைக்கு வந்த வருஷம் அறுப்பின் பண்டிகை. வீட்டு வீட்டுக்கு முதல் விளைச்சலைக் கோவிலுக்குக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவோம். கல்கத்தாவில் எவனுக்கு விளைச்சல்? மாடித் தொட்டியில் காய்த்த கத்தரிக்காய், மார்க்கெட்டில் வாங்கிய பூசணி, யாராவது ஒருவர் கோழி. ஏலம் கூவுவது நான். எனக்குத் தொண்டை அப்படி. அன்றைக்கு ஒரு சிவப்புச் சேவல் வந்தது. எங்கள் சபைப் பொருளாளர், துறைமுக ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர், எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், அதை விடாப்பிடியாக ஏலத்தில் எடுத்தார். மறுநாள் அது குழம்பு என்று சபைக்கே தெரியும். அந்த நேரத்தில் ஐயர் அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வந்து, சேவலின் கழுத்தை ஒரு விரலால் தடவினார்.

"நல்ல சேவல். என்ன பேரு வைக்கப் போறீங்க அண்ணாச்சி?"

"பேரா? கோழிக்கு எதுக்கு ஐயரே பேரு?"

"சும்மா கேட்டேன்."

கேட்டவர் நகரவில்லை. முகத்தில் சிரிப்புமில்லை, கண்டிப்புமில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நிற்கும்போது எதிரில் இருக்கிறவருக்கு உடம்பெல்லாம் ஊறும். எனக்கே பலமுறை ஊறியிருக்கிறது. அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்தார், இருமினார், கடைசியில் "ராஜான்னு வச்சுக்கிடுதேன்" என்றார். போச்சு! பேர் வைத்ததை எப்படி அறுப்பது? அந்த ராஜா குடியிருப்பில் பல வருஷம் வாழ்ந்து, இரண்டாவது மாடி முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்து, வயசாகிச் செத்தது. அண்ணாச்சியின் மனைவி என்னிடம் வந்து புலம்பினாள். "அக்கா, அறுக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சண்டை போட்டு அறுத்திருப்பேன். அந்த மனுஷன் கேள்வியில்ல கேட்டுட்டுப் போயிட்டாரு!"

இதுதான் ஐயர். செய் என்றும் சொல்ல மாட்டார், செய்யாதே என்றும் சொல்ல மாட்டார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் நின்று பத்துக் கட்டளையையும் கணீரென்று வாசிக்கிற ஆள், தன் வாயால் ஒரு கட்டளை போட்டு நான் பார்த்ததில்லை. நானோ நேர் எதிர். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவள். அதனால்தானோ என்னவோ வெளியே போகும்போதெல்லாம் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். வெளிக்காரணம் அவருடைய வங்காளி அரைகுறை, என்னுடையது சுத்தம் என்பது.

அப்படித்தான் ஒரு தடவை நியூ டவுன் பக்கம் போனோம். அப்போது அங்கே அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு கட்டடக்காரர் நாணல் மண்டிய பெரிய குளம் ஒன்றை மூடப்போவதாக ஐயருக்குத் தகவல் வந்திருந்தது. அந்தக் குளத்தில் மீன்பிடிப் பூனை இருந்தது. வங்காளிகள் அதை பாக்ரோல் என்பார்கள். வீட்டுப் பூனையைவிடப் பெரிசு, உடம்பெல்லாம் புள்ளி, தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும். கட்டடக்காரர் எங்களுக்குச் சந்தேஷ் இனிப்பெல்லாம் கொடுத்து உபசரித்தார். ஃபாதர் நன்கொடைக்குத்தான் வந்திருக்கிறார் என்று அவர் நினைப்பு.

ஐயர் தமிழில் சொன்னார், நான் வங்காளியில் கேட்டேன். "அந்தக் குளத்துல யாரு இருக்காங்க?"

"யாருமில்லை ஃபாதர். காலி நிலம்தான். குடிசைகூட இல்லை."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

அவ்வளவுதான். சந்தேஷைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டடக்காரர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். போன் வந்தது, பேசினார். திரும்பிப் பார்த்தால் ஐயர் அப்படியே இருக்கிறார். கடைசியில் அந்த ஆள் தாங்கமாட்டாமல் "சரி, வாங்க போய்ப் பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார். வண்டியில் போனோம். குளத்து ஓரச் சேற்றில் கால்தடங்கள் இருந்தன. கட்டடக்காரரே குனிந்து பார்த்து, "இது நாய்தானே?" என்றார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் ஐயர். நாய்க்காலில் நகம் பதியும், இதில் நகமே இல்லை என்று அந்த மனிதரே விரலால் தொட்டுக் கண்டுபிடித்தார். குளம் பிழைத்தது. பிழைத்த குளத்தைக் காட்டி 'ஏரி பார்த்த வீடுகள்' என்று விளம்பரம் போட்டு விலையைக் கூட்டி விற்றார் என்பது வேறு விஷயம். அதையும் ஐயரிடம் கோபமாகக் காட்டினேன். "பூனைக்கு விளம்பரம் படிக்கத் தெரியாதும்மா" என்றார். அன்றைக்குத்தான் அவர் ஜோக் அடித்தது.

எல்லாக் குளமும் பிழைக்கவில்லை. இன்னொரு இடத்தில் இப்படியே கேட்டார், இப்படியே காத்திருந்தார், அவர்களும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் போனால் லாரி லாரியாக மணல் கொட்டிக் குளத்தையே காணோம். ஐயர் அந்த மணல் மேட்டின் மேல் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் ஐயரே, சத்தம் போட்டிருக்க வேண்டியதுதானே? கோர்ட்டுக்குப் போவேன்னு ஒரு மிரட்டு மிரட்டியிருக்கலாமே?"

"மிரட்டினா அவங்க என்கூடத்தானம்மா சண்டை போடுவாங்க. கேட்டா, அவங்களுக்குள்ளயே சண்டை போட்டுக்கணும்."

"போட்டாங்களே, நல்லா! குளம் போயிருச்சு."

"ஆமா," என்றார். "போயிருச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். இது பெரிய மனசா, இல்லை வெறும் பயமா என்று எனக்குள் ஒரு சந்தேகம் அன்றைக்கு முளைத்தது. அது இன்னும் போகவில்லை.

ஆந்தை வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

எங்கள் கோவிலின் மணிக்கோபுரத்தில், மணிக்கு மேலே ஒரு பலகைத்தட்டு உண்டு. அங்கே ஒரு ஜோடி வெள்ளை ஆந்தை குடியேறிவிட்டது. முகம் பாக்கை இரண்டாக வெட்டிவைத்த மாதிரி இருக்கும். கோவில் காவல்காரன் பல்டூதா அதைப் பார்த்த அன்றைக்கு என் வீட்டுக்கு ஓடிவந்தான். "பௌதி! லொக்கி பேஞ்சா!" அண்ணி, லட்சுமி ஆந்தை என்கிறான். லட்சுமியின் வாகனம். வங்காளிகளுக்கு அது வீடு தேடி வந்த சீதேவி. எதிர்வீட்டு வங்காளி மாஷிமா லட்சுமி பூஜைக்கு மறுநாள் ஒரு தட்டு நிறையத் தேங்காய் உருண்டையுடன் எங்கள் கேட்டில் வந்து நின்று, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தட்டை என் கையில் கொடுத்துப் போனாள்.

எங்கள் ஆட்களுக்கோ மூதேவி. கமிட்டி கூடியது. அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். "கூகை அடையுத இடம் வெளங்குமா ஐயரே? கோவில்ல வந்து கூகை உக்காந்தா சபையில சாவு விழும். எங்க ஊர்ல கல்லால அடிச்சு வெரட்டுவோம்." பேசிக்கொண்டே மாஷிமாவின் தட்டில் கை வைத்தார். "இது படைச்சதா?" என்று என்னைக் கேட்டார், நான் பதில் சொல்வதற்குள் இரண்டு உருண்டை உள்ளே போய்விட்டது.

ஐயர் கேட்டார்: "சரி. யாரு மேல ஏறி வெரட்டுறது?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"வெரட்ட வேண்டாம், மணிய அடிச்சா தானா பறந்துரும்லா," என்றார் அண்ணாச்சி.

"பறந்துரும். முட்டை வச்சிருக்கு. பரவால்லையா?" என்று மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் ஐயர். "நீங்க சொல்லுங்க. அடிக்கலாமா?"

வாத்து மாதிரி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். செக்ரட்டரி நான்தான், என்ன தீர்மானம் எழுதுவது என்று தெரியாமல் நானும் பேனாவை மூடிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மணி நின்றுபோனது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நின்றுபோனது, அவ்வளவுதான்.

அதில் ரொம்ப அடிபட்டவர் என் வீட்டுக்காரர். துறைமுகப் பட்டறையில் ஃபோர்மேன். அந்த மணி அவருடைய பிள்ளை மாதிரி. அச்சுக்குக் கிரீஸ் போடுவது, கயிறு மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்குக் கயிற்றைப் பிடிப்பது எல்லாம் அவர்தான். "ஆந்தைக்குப் பயந்து மணிய நிறுத்துன கோவில் உலகத்துல எங்கயாவது உண்டா?" என்று வீட்டுக்குள் குதித்தார். ஐயரிடம் போய்க் கேட்டார். ஐயர் அவரையும் ஏதோ கேட்டிருக்கிறார். என்ன கேட்டார் என்று கடைசிவரை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் பட்டறையிலிருந்து கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, கோவில் வாசல் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார். ஒரு சுத்தியலையும் பக்கத்தில் மாட்டினார். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தொங்குமே, அதே மாதிரி. ஆராதனைக்கு அதைத்தான் தட்டினோம்.

அன்றைக்கு டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மட்டும் இந்தத் தண்டவாளத்த அடிக்க விட்டுராத. எனக்கு மணிதான் அடிக்கணும்." "காலங்காத்தால என்ன பேச்சு இது" என்று திட்டினேன்.

குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டார். காலையில் இட்லி சாப்பிட்டு, கை கழுவப் போனவர், வாஷ்பேசினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

ஐயர்தான் முதலில் வந்தார். அண்ணாச்சியும் அவர் மனைவியும் பின்னாலேயே வந்தார்கள். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த நான், அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்று பேச்சு வந்தபோது நிமிர்ந்தேன். "ஐயரே, அவருக்கு மணி அடிக்கணும்."

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "அக்கா, தண்டவாளத்த வேணா நாலு தட்டு..."

"தண்டவாளத்தத் தட்டி அனுப்புததுக்கு அவரு என்ன கூட்ஸ் வண்டியா?"

ஐயர் என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேல ரெண்டு குஞ்சு இருக்கும்மா," என்றார். அப்புறம், அதே முகம். சேவலைத் தடவிக்கொண்டு நின்ற அதே முகம்.

"நீங்க சொல்லுங்கம்மா. அடிக்கட்டுமா?"

அந்த நிமிஷம் என் மனசில் இருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் மேல் பாய்ந்திருப்பேன், வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருப்பேன். என் துக்கத்தை முழுசாக அவர் தலையில் கொட்டிவிட்டு லேசாகியிருப்பேன். அவரோ கேள்வியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அடிங்க," என்றேன்.

பல்டூதா கயிற்றைத் தொடமாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். பெட்டி கோவில் வாசலைத் தாண்டும்போது ஐயரே அங்கியோடு போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாதக்கணக்கில் சத்தம் போடாத மணி. முதல் அடியிலேயே மேலே இருந்து அந்த வெள்ளைப் பறவை வெளியே வந்து விழுந்தது. நல்ல மத்தியானம், கண்ணைக் கூசுகிற வெயில். அது எங்கே போவது என்று தெரியாமல் கோவிலைச் சுற்றியது. துறைமுகத்துக் காக்கை எல்லாம் அதைச் சூழ்ந்துகொண்டு விரட்டின. வாசலில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டிய கண்ணெல்லாம் மேலே போய்விட்டது. நானும் மேலேதான் பார்த்தேன். அவர் கேட்ட மணி மேலே அடித்துக்கொண்டே இருந்தது, அவர் பெட்டி வாசலைத் தாண்டிப் போனதை நான் பார்க்கவில்லை.

ஒரு குஞ்சு தட்டிலிருந்து விழுந்து செத்துவிட்டது. அதை ஐயர் வேப்பமரத்தடியில் புதைத்ததையும், மற்றதை வனத்துறைக்காரர்கள் வந்து எடுத்துப் போனதையும் பல்டூதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐயர் மூச்சு விடவில்லை. வழக்கம்போல் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார், சாப்பிட்டீங்களா என்று கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் ஐயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏன் ஐயரே அடிச்சீங்க?"

"நீங்க அடிங்கன்னு சொன்னீங்கம்மா."

"புருஷன் செத்துக் கிடக்க வீட்டுல நான் என்ன சொல்லுதேன்னு எனக்குத் தெரியுமா? அந்தக் கட்டடக்காரன்கிட்டக் காத்திருந்த மாதிரி என்கிட்டயும் காத்திருந்தீங்களோ? நானே வேண்டாம்னு சொல்லுவேன்னு பாத்தீங்களோ?"

அவர் மேஜையில் இருந்த திருவிருந்து அப்பத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார். "ஆமாம்மா," என்றார். "பாத்தேன்."

"அப்போ முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன? கிறிஸ்துமஸுக்கு வந்த பிஷப்பே கேட்டும் அடிக்காத மணி! எனக்கு மட்டும் எதுக்கு அடிச்சீங்க?"

தட்டை மேஜையில் கவிழ்த்து வைத்தார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற முகம் இந்தத் தடவை இல்லை.

"எனக்கு முடியாதுன்னு சொல்ல வராதும்மா," என்றார். "சின்ன வயசுல இருந்தே வராது. கேள்வி கேட்டுத்தான் இத்தனை நாளும் ஓட்டிட்டேன். அன்னைக்கு நீங்க அடிங்கன்னு சொன்னதும் வேற என்ன செய்யன்னு எனக்குத் தெரியல."

கண் நிறைந்து, கையில் இருந்த துணியாலேயே துடைத்துக்கொண்டார். அவரை ஏசப் போன நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே குழப்பம். பாவமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் ஞானம் என்று நினைத்தது ஒரு மனிதரின் கூச்சமா? அப்படியானால் பிழைத்த குளங்கள் எதனால் பிழைத்தன? போன குளம் எதனால் போனது?

அதற்கப்புறம் அவர் பிஷப் ஆனார். சால்ட் லேக்கில் ஒரு ஹாலில் காட்டுயிர்க்காரர்கள் அவருக்கு விழா எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். ஒரு பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்து, அவருடைய அணுகுமுறையை இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும், எதிராளியின் மனசாட்சியை அவனிடமே பேசவைக்கிற தந்திரம் அது என்று விளக்கினார். மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்த ஐயர், கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் மூக்கையும் சிந்தினேன். அருகில் இருந்த அண்ணாச்சி, "என்ன அக்கா, சளியா?" என்றார்.

ஓய்வு பெற்றபின் நியூ டவுனில், அந்தப் பிழைத்த குளத்துக்கு எதிரிலேயே ஒரு சின்ன ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தார். எப்போதாவது கேப் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மணியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவருடைய அடக்க ஆராதனையை எங்கள் கோவிலில்தான் வைத்தார்கள். தென்னை உயரத்துக்கு மலர்வளையங்கள். ஒரு பக்கம் பிஷப்மார், ஒரு பக்கம் காக்கி உடுப்பு வனத்துறைக்காரர்கள், நடுவில் ஒரு வரிசை காலியாகவே கிடந்தது. எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாதவர்கள் பின்னால் நின்றார்கள். கல்யாணம் ஆகாத மனிதர். பாளையங்கோட்டையிலிருந்து தங்கச்சி மகள் ஒருத்திதான் வந்திருந்தாள். அவரே வளர்த்துப் படிக்கவைத்த பிள்ளை. அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

இதைச் சொல்ல வேண்டும்: போன வருஷம் மழை முடிந்ததும் கோபுரத்தில் மறுபடி ஒரு ஜோடி ஆந்தை வந்துவிட்டது. பழையதா புதியதா என்று யாருக்குத் தெரியும். "கூகை வந்துட்டு, ஆளும் போயாச்சு. நான் அப்பவே சொன்னேன்" என்று அண்ணாச்சி காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே குஞ்சுகள் இருந்தன. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சத்தம் கீழே நின்றாலே கேட்டது.

பெட்டியைத் தூக்கப்போகிற நேரம். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, மாமாவுக்கு மணி அடிக்கலையா?"

எங்கள் புது ஐயர் சின்ன வயசுக்காரர். ஒரு தடவை கோபுரத்தைப் பார்த்தார், ஒரு தடவை பிஷப்மாரைப் பார்த்தார், கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் மூத்தவங்க. நீங்க சொல்லுங்கம்மா. அடிக்கட்டுமா?"

பல்டூதா கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கேட்டிருக்கலாம். மேலே குஞ்சு இருக்கு கண்ணு, நீ என்ன நினைக்கிறே என்று கேட்டால், அவர் வளர்த்தவள், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு ஆயுசு முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"கூடாது," என்றேன்.

"என்ன ஆன்ட்டி இது? பிஷப்பா இருந்தவருக்கு மணிகூட இல்லையா? இவ்வளவு பேரு வந்திருக்காங்க..."

"கூடாதுன்னா கூடாது. நான் சொல்லுதேன். மணி அடிக்க முடியாது."

அவள் கையை உதறினாள். "மாமா மேல உங்களுக்கு என்ன கோபம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். ஆந்தைக்காகச் சொன்னேனா, அவருக்காகச் சொன்னேனா, இல்லை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த மணி இவருக்குக் கிடைக்கக் கூடாது என்று உள்ளே எங்கேயோ ஒரு பேய் உட்கார்ந்திருந்ததா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பிள்ளை ஊருக்குப் போன பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. பண்ணாமல் இருக்கட்டும். அவளுக்குக் கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறது.

வேப்பமரத்தடிக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தேன். தண்டவாளத்தில் துரு ஏறியிருந்தது, ஆனால் என் வீட்டுக்காரர் போட்ட சங்கிலி அப்படியே இருந்தது. பெட்டி வாசலைத் தாண்டியபோது முதல் அடியை அடித்தேன். கூட்ஸ் வண்டிச் சத்தம்தான். விட்டு விட்டு, நிதானமாக அடித்தேன். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மேலே குஞ்சுகள் சீறுவது கேட்டது. எதுவும் பறக்கவில்லை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பெட்டி கேட்டைத் தாண்டி வண்டியில் ஏறும்வரை எல்லோர் கண்ணும் அவர் மேலேயே இருந்தது.